நலம் விசாரிக்கப் போன மூக்கு

சித்த அக்கட்டால நகந்து உக்காரு கண்ணு. இந்தத் தூக்குப்போசிய மடியிலயே வச்சுக்கறேன். கீழ வச்சா இந்த டிரைவர் போடற பிரேக்குக்கு ரசமெல்லாம் பஸ்ஸுக்குத்தான் போகும். கோயமுத்தூரா நீ? நானும் அங்கதான். தெனம் இதே பஸ்ஸு. கண்டக்டர் என்னையக் கண்டதும் கேக்காமயே டிக்கெட்டக் கிழிச்சுருவாரு, "ஆஸ்பத்திரி ஸ்டாப்பு ஒண்ணு"ன்னு.

என்ற பேரு துளசிமணி. புளியம்பட்டியில வந்து துளசிமணி ஊடு எதுன்னு கேட்டீன்னா, "யாரு, ஆஸ்பத்திரித் துளசியா?"ன்னு திருப்பிக் கேப்பாங்க. எனக்கொண்ணும் கோவமில்ல. ஒறம்பரை, சொந்தபந்தத்துல ஒருத்தருக்கு ஒடம்புக்கு முடியலைன்னா மொதல்ல போயி நிக்கறவ நானு. பிரசவமா, கொடலெறக்கமா, கல்லடைப்பா, எதுவா இருந்தாலும் செரி. ரெண்டு ஆப்பிளு, ஒரு ரொட்டி, மருதமலைத் துண்ணூறு ஒரு பொட்டணம். போயி கட்டல்ல உக்காந்து, கையப் புடிச்சு, நெத்தியத் தொட்டுப் பாத்து, துண்ணூறு வச்சு, நாலு வார்த்தை பேசிட்டு வருவேன்.

எதுக்குன்னா, எங்கூட்டுக்காரர் மஞ்சக்காமாலையில ஆஸ்பத்திரியில கெடந்தாரு பாரு, அப்ப ஒருத்தர் எட்டிப் பாக்கல. மனுசன் கதவையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், தலையத் தூக்குவாரு. பக்கத்துக் கட்டலுக்கு வந்தவங்களா இருக்கும். மறுபடியும் தலையச் சாச்சுக்குவாரு. அப்படியே போயும் சேந்துட்டாரு. நமக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தர் கூட இப்படிக் கதவப் பாத்துக்கிட்டுக் கெடக்கக் கூடாதுன்னு அன்னைக்கு நெனச்சேன்.

அப்பேர்ப்பட்டவளப் புடிச்சு, உன்ற மூக்குல கிருமி இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க கண்ணு!

சிரிக்காத. மூக்குலதான். இந்தா, இந்த மூக்குல. எட்டுக்கல்லு மூக்குத்தி போட்ட மூக்கு. நீ என்ன, துப்பட்டாவ எடுத்து மூஞ்சில வச்சுக்கற? புழுதியா? ஜன்னலச் சாத்திக்கோ. அன்னூர் ரோட்டுல எப்பவும் புழுதிதான்.

எங்கண்ணன் பேரு பொங்கியண்ணன். கூடப் பொறந்தது எனக்கு அவுரு ஒருத்தர்தான். நின்னு நின்னு யாவாரம் பாத்து முட்டி தேஞ்சு போச்சு. சம்மணம் போட முடியாது, பஸ்ஸு ஏற முடியாது. கோயமுத்தூருல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில, தேஞ்ச மூட்ட எடுத்துப்போட்டுப் புது மூட்டு வக்கலாம்னாங்க. செரின்னு வச்சாங்க. ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சு, மறுநாளே வாக்கரப் புடிச்சுக்கிட்டு நாலு எட்டு வச்சு நடந்தாரு. எங்களுக்கெல்லாம் கண்ணு கலங்கிப் போச்சு.

தொணைக்கு நானும் நங்கையும் இருந்தோம். நங்கைன்னா அண்ணன் சம்சாரம், எங்க பக்கம் அப்படித்தான் கூப்புடுவோம். பேரு சிவகாமி. ரெண்டு பேருக்கும் ஒரே பாய், ஒரே போர்வை, மூஞ்சி தொடைக்க ஒரே துண்டு. அவ்வளவு ஒத்துமை அப்ப.

நான் சும்மா உக்காந்திருக்கறவ இல்ல. அண்ணன் கட்டு ஈரமாயிருச்சான்னு அப்பப்ப ஒரு வெரலு விட்டு நெரடிப் பாத்துக்குவேன். நர்சுங்களுக்கு ஏது நேரம்? கட்டுமேல கொஞ்சம் துண்ணூறும் போட்டு விட்டேன். அப்பறம் வார்டுல இருக்கற மத்தவங்களயும் பாக்கோணுமில்ல? ஒரு கட்டல் விடமாட்டேன். தொடையெலும்பு ஒடஞ்ச வாத்தியாரு ஒருத்தர், அவுருக்குத் தலகாணியத் திருப்பிப் போட்டு விடுவேன். இடுப்பு ஆப்பரேசன் பண்ணின ஒரம்மா, யாருமே வரல பாவம். அதுக்கு இட்டிலியப் பிச்சு நானே ஊட்டி விட்டேன். சொவத்துல ஒரு பாட்டல் மாட்டி வச்சிருப்பாங்க, அமுக்கினா வழவழன்னு ஒண்ணு வரும். ஒவ்வொரு கட்டலுக்கும் முன்னாலயும் பின்னாலயும் அதத் தேச்சுக்கச் சொல்லி ஒரு நர்சுப் புள்ள தொணதொணன்னு கெடப்பா. நான் என்ன சாணியா அள்ளிட்டு வந்தேன்? எனக்கு அதத் தேச்சா தோலு வறண்டு போவுது.

இப்படி இருக்கறப்ப அண்ணனுக்குக் காய்ச்சல் வந்துருச்சு. முட்டி செவந்து போயி, தொட்டா அனலா கொதிக்குது. கட்டப் பிரிச்சாச் சீழு. ஊசி மேல ஊசி போட்டாங்க. வழக்கமா கேக்கற மருந்து எதுக்கும் கேக்கல. சீழ எடுத்து சோதனைக்கு அனுப்பினாங்க. இதக் கேளு, அந்த வாத்தியாருக்கும் சீழு வச்சுக்கிச்சு. இடுப்பு ஆப்பரேசன் அம்மாவுக்கும் வச்சுக்கிச்சு. நான் ஆசையா ஆசையா நலம் விசாரிச்ச மூணு பேருக்கும்! ஆஸ்பத்திரி அந்த லட்சணத்துல இருந்திருக்குது. நான் வராண்டாவுலயே நின்னு சத்தம் போட்டேன், "கூட்டித் தொடைக்கறீங்களா இல்லியா?"ன்னு.

அப்பத்தான் அந்த டாக்டரம்மா வந்தாங்க. ஷெரின்னு பேரு. சின்னப் பொண்ணு, ஆனா அழுத்தக்காரி. ஆஸ்பத்திரியில பரவற கிருமியப் பாக்கறதுதான் அவுங்க வேலையே. எங்களைய உக்கார வச்சுச் சொன்னாங்க. "இது நம்ம தோலுலயும் மூக்குலயும் சாதாரணமா இருக்கற கிருமிதான். ஆனா இந்த வகை, வழக்கமான மருந்துக்கெல்லாம் பழகிப்போன வகை. அடிச்சாலும் சாகாது. வெளிய இருக்கற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. அறுத்த புண்ணுக்குள்ள போயிருச்சுன்னா ஆளையே சாய்ச்சுரும்."

"எப்படிங்க உள்ள போச்சு?"ன்னா நங்கை.

"பெரும்பாலும் கை வழியாத்தான்"னாங்க.

சொல்லிப்போட்டு, வார்டு நர்சுங்க, ஆயாம்மா, தொணைக்கு இருக்கறவங்க எல்லாத்துக்கும் ஒரு குச்சியில பஞ்சச் சுத்தி மூக்குக்குள்ள விட்டு எடுத்தாங்க. எனக்குத் தும்மல் வந்து டாக்டரம்மா மேலயே தும்மிப்போட்டேன். நல்லவேளை, முகமூடி போட்டிருந்தாங்க.

சோதனை முடிவு வந்துச்சு. ஒரு நர்சுப் புள்ளைக்கும் எனக்கும் இருக்குதாம். நங்கைக்கு இல்ல.

"எனக்கு ஒரு சளி கூடக் கெடையாதுங்களே"ன்னேன்.

"உங்களுக்கு ஒண்ணும் பண்ணாதுங்கம்மா. நீங்க சொமந்துக்கிட்டு மட்டும் இருக்கீங்க. யாருகிட்ட இருந்து யாருக்குப் போச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. நான் யாரையும் குத்தம் சொல்லல. நீங்க இதுவரைக்கும் கிருமிக்குன்னு என்னென்ன மாத்திரை சாப்புட்டிருக்கீங்க?"

இதுதான கேக்கோணும்! நான் எங்க போனாலும் ஒரு பிஸ்கட் டப்பா கொண்டு போவேன். அதுல எல்லா மாத்திரையும் இருக்கும். டாக்டரு அஞ்சு நாளைக்கு எழுதிக் குடுத்தா நான் ரெண்டு நாளு போடுவேன். காய்ச்சல் விட்டதுக்கப்பறம் எதுக்கு மாத்திரை? மிச்சத்த டப்பாவுல போட்டு வச்சுக்குவேன். எங்க தெருவுல யாருக்குத் தொண்டை கட்டுனாலும், பல்லு வலிச்சாலும் எங்கிட்டத்தான் வருவாங்க. செவப்புல ஒண்ணு, வெள்ளையில பாதின்னு குடுத்து அனுப்புவேன். எனக்கே லேசா ஒடம்பு கணகணன்னு இருந்தா ஒண்ணு எடுத்து வாயில போட்டுக்குவேன், ஒடம்பு திடமா இருக்கட்டும்னு. அந்த டப்பாவத் தொறந்து டாக்டரம்மா மேசையில கவுத்தேன்.

அவுங்க ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தாங்க. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடியும் பாத்தாங்க. இத்தனை மருந்து தெரிஞ்ச பொம்பளைய அவுங்க பாத்திருக்க மாட்டாங்க. அப்பறம் மெதுவா, "இதையெல்லாம் நீங்க அந்தக் கிருமிக்குக் கொஞ்சங் கொஞ்சமா ஊட்டிப் பழக்கி வச்சிருக்கீங்கம்மா"ன்னாங்க. நான் யாருக்கு ஊட்டுனாலும் இப்படித்தான் கண்ணு, கடைசியில பேச்சுத்தான் மிச்சம்.

மூக்குக்குள்ள தடவறதுக்கு ஒரு களிம்பு குடுத்து, காலையும் சாயங்காலமும் அஞ்சு நாளைக்குப் போடுங்கன்னாங்க. குளிக்கறதுக்கு ஒரு செவப்புத் தண்ணி மருந்தும் குடுத்தாங்க. ரெண்டு நாளு போட்டேன். மூக்கு ஒரே எரிச்சல். போதும்னு நிறுத்திட்டேன். களிம்ப வீணாக்குவானேன்? பக்கத்தூட்டுக்காரம்மாவுக்குப் பித்தவெடிப்பு இருந்துச்சு, கால்ல பூசிக்கன்னு குடுத்துட்டேன்.

அண்ணனுக்கு மறுக்காத் தொறந்து, வச்ச மூட்டையே கழட்டி எடுத்துப்போட்டாங்க. கால அசைக்காமக் கெடக்கோணும். ஊசி ஏறிக்கிட்டே இருக்கோணும். தனி ரூமு. உள்ள போறவங்க பச்சை அங்கியும் கையுறையும் போட்டுக்கிட்டுத்தான் போகோணும். எனக்கு அதுவும் கெடையாது, வாசல்லயே நிறுத்திட்டாங்க. மறுபடி மூக்குல பஞ்ச விட்டுப் பாத்தாங்க. கிருமி இன்னும் குடியிருக்குதாம்.

அப்பறம் நடந்ததச் சொன்னா நீ நம்பமாட்ட. ஒறம்பரையெல்லாம் சொல்லி வச்ச மாதிரி ஒதுங்கிட்டாங்க. நங்கை ஊட்டுக்குப் போனா, எனக்குன்னு ஒரு நாற்காலி வெளி வாசல்ல கெடக்குது. கேட்டுக்குப் பக்கத்துல ஒரு வாளித் தண்ணி, அதுக்கு மேல சோப்பு. "கையக் கழுவிட்டு வா துளசி"ங்கறா. நான் பொறந்த ஊட்டுல, நாலு தலைமுறையா நாங்க வாழ்ந்த ஊட்டுல! எங்க சித்தப்பா பேத்திக்குப் பிரசவம்னு கேள்விப்பட்டு, எந்த ஆஸ்பத்திரின்னு போன் பண்ணிக் கேட்டேன். ஒரு பேரச் சொன்னாங்க. போனா அது கண்ணாஸ்பத்திரி. அங்க எதுக்கு மகப்பேறு? மறுபடி போன் பண்ணினா, "அட, மாத்திச் சொல்லிட்டமா"ன்னு இன்னொரு பேரு. அது பல்லாஸ்பத்திரி. ஆப்பிளையும் ரொட்டியையும் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் சுத்தி, கடைசியில ஒரு பல்லு டாக்டரோட வராண்டாவுல உக்காந்து நானே அந்த ஆப்பிளத் தின்னேன்.

இது அன்னூரா? இல்ல, இன்னும் வல்ல. நீ தூங்கறயா? கண்ண மூடிக்கற? செரி, காது கேக்குதில்ல, அது போதும்.

நான் ரோசக்காரி. ஒருத்தரும் வேண்டாம்னு இருந்துட்டேன். அண்ணன் மட்டும் தெனமும் போன் பண்ணுவாரு. என்ன சாப்புட்டேன்னு கேப்பாரு, ரூமு ஜன்னல்ல வந்து உக்கார்ற புறாவப் பத்திச் சொல்லுவாரு. ஒரு நாளு அவுரு கொரலே செரியில்ல.

"டாக்டர் சொல்லிட்டாங்க துளசி. இன்னொருக்காப் புது மூட்டு வக்கப் போறாங்க. அதுலயும் கிருமி பூந்துச்சுன்னா, காலையே எடுக்க வேண்டி வரும்ங்கறாங்க."

எனக்கு பொக்குனு போயிருச்சு கண்ணு. அதுவரைக்கும் என்ற மூக்கப் பத்தியேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அவுரு காலு போயிரும்னு யாரும் எனக்குச் சொல்லல.

"எனக்கு யாரு மேலயும் கோவமில்ல"ன்னாரு.

"எம்மேல?"ன்னேன்.

போன ஒரு காதுல இருந்து இன்னொரு காதுக்கு மாத்தற சத்தம் கேட்டுச்சு. அப்பறம், "உம்மேலயுந்தான்"னாரு.

அந்த "உம்மேலயுந்தான்" இருக்குது பாரு, அது என்னைய என்னமோ பண்ணிப்போட்டுச்சு. அவுரு பாட்டுக்கு மறுபடி புறாவப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. எனக்கு ஒண்ணும் காதுல ஏறல.

மறுநாளு வெடியாலயே கெளம்பிப் போயி டாக்டரம்மா ரூமு வாசல்ல நின்னேன். "என்ற மூக்கச் சுத்தம் பண்ணிக் குடுங்க"ன்னேன். அதுக்காக நான்தான் குடுத்தேன்னு ஒத்துக்கிட்டதா நெனச்சுக்காத. அப்படியொண்ணும் இல்ல. சந்தேகத்துக்குக் கூட எடங்குடுக்கக் கூடாதுன்னுதான். அவுங்க என்னைய ஏற எறங்கப் பாத்து, "இந்தத் தடவ அஞ்சு நாளும் போடுவீங்களா?"ன்னாங்க.

"அண்ணன் மேல சத்தியம்"னேன்.

அதுக்கும் நம்பாம, அண்ணன் மகள் தாரணியக் காவலுக்குப் போட்டுட்டாங்க. அந்தப் புள்ள கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறவ. காலையும் சாயங்காலமும் வீடியோ போன்ல வருவா. "அத்தை, ட்யூபக் காட்டுங்க. ரெண்டு பக்கமும் தடவுங்க. இப்ப மூக்க அமுக்கி விடுங்க. ஏமாத்தாதீங்க, நான் பாத்துட்டேன்." தலைக்கும் மேலுக்கும் அந்தச் செவப்புத் தண்ணி மருந்துல குளியல். தெனம் போர்வை, துண்டு, தலகாணி ஒறை எல்லாம் மாத்தித் தொவைக்கோணும். கல்யாணத்தன்னைக்குக் கூட என்னைய அப்படிக் குளிப்பாட்டல கண்ணு. மூக்கு எரியத்தான் எரிஞ்சுது. எரியட்டும்னு இருந்தேன். அந்த மாத்திரை டப்பாவ தாரணி ஞாயித்துக்கெழமை வந்து எடுத்துட்டுப் போயிட்டா. தெருவுல பெரிய வருத்தம். அவுங்கல்லாம் இப்ப டாக்டருகிட்டப் போகோணுமில்ல?

ஆப்பரேசனுக்கு முன்னால ஊட்டு ஆளுங்க எல்லார்த்துக்கும் மறுபடி மூக்குல பஞ்ச விட்டாங்க. தாரணி போன் பண்ணினா.

"அத்தை, உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. சுத்தம்."

எனக்கு அப்படியே எந்திரிச்சு ஆடலாம்னு இருந்துச்சு. ஆனா அவ கொரல் இழுக்குது. "அப்பறம் என்ன கண்ணு?"ன்னேன்.

"அம்மாவுக்கு இருக்குதாம்."

அம்மான்னா யாரு? நங்கை! வாளித் தண்ணி வச்ச நங்கை! சோப்பு வச்ச சிவகாமி!

பொய் சொல்ல மாட்டேன் கண்ணு, கதவச் சாத்திக்கிட்டு நல்லா சிரிச்சேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன். அப்பறம் பட்டுச்சீலை எடுத்துக் கட்டிக்கிட்டு பஸ்ஸு ஏறினேன். வழியெல்லாம் என்ன கேக்கறதுன்னு ரோசன பண்ணிக்கிட்டே போனேன். "நாற்காலி எங்க போடட்டும் நங்கை?"ன்னு கேக்கோணும். இல்லாட்டி, "சோப்பு வேணுமா, ஊட்டுல இருந்து கொண்டு வந்திருக்கேன்"ங்கோணும். நெசமாவே ஒரு சோப்பு வாங்கிக் கைப்பையில வச்சிருந்தேன்.

போயிப் பாத்தா, ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல ஒக்காந்திருக்கறா. பக்கத்துல சோத்துப் பை. உள்ள விட மாட்டேன்னுட்டாங்களாம். ஆளுங்க அவளத் தாண்டித் தாண்டிப் போறாங்க. யாரு செருப்புச் சத்தம் கேட்டாலும் தலையத் தூக்கிப் பாக்கறா. எங்கூட்டுக்காரர் பாத்தாரே, அதே பார்வை. என்னையப் பாத்ததும், "அவுருக்கு நானே எமனா வந்துட்டனா துளசி?"ன்னு தேம்பித் தேம்பி அழுவறா.

நான் பழக்கி வச்ச பேச்சு ஒண்ணும் வாயில வல்ல. ஓடிப்போயிக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். "அட, அழுவாத. மூக்குதான, சுத்தம் பண்ணிக்கலாம். களிம்பு எரியும், எரிஞ்சா எரியட்டும். அஞ்சு நாளும் போடோணும், நடுவுல நிறுத்திப்போடாத, நிறுத்துனா அது இன்னும் எச்சாத் திமிரும்"னேன். டாக்டரம்மாவே தோத்தாங்க போ, அப்படிச் சொன்னேன்.

பின்னால ஒரு சத்தம். ஷெரின் டாக்டரம்மா. "அய்யோ, கட்டிப் புடிச்சுட்டீங்களா? போங்க, கையக் கழுவுங்க! சீலைய மாத்துங்க!" பட்டுச்சீலையோட போயி ஆஸ்பத்திரிக் குளியலறையில அந்தச் செவப்புத் தண்ணியில மறுபடி ஒரு குளியல் போட்டேன். நர்சுங்க குடுத்த பச்சை உடுப்பப் போட்டுக்கிட்டுத்தான் ஊருக்குத் திரும்பினேன். பஸ்ஸுல எல்லாரும் எந்திரிச்சு எடம் குடுத்தாங்க, நான் பெரிய டாக்டருன்னு நெனச்சுட்டாங்க போல.

நங்கைக்குச் சுத்தமாகறதுக்காக ஆப்பரேசனத் தள்ளி வச்சு, போன வாரந்தான் பண்ணினாங்க. இதுவரைக்கும் காய்ச்சல் இல்ல. புண்ணு காஞ்சு வருதாம். நேத்து வாக்கரப் புடிச்சு ஜன்னல் வரைக்கும் நடந்தாரு. புறா பயந்து பறந்துருச்சு. அதுக்குக் கூட அவுரு அழுதுட்டாரு. இன்னும் பல மாசத்துக்குப் பாத்துப் பாத்து இருக்கோணும்ங்கறாங்க. நங்கை சுத்தமாகியும் கிட்டப் போகப் பயப்படறா, அவ மனசு தேறுற வரைக்கும் தெனம் சோறு கொண்டு போறது நாந்தான். கட்டத் தொடறதில்ல. போகறப்ப வழவழப்பு, வரறப்ப வழவழப்பு. கை என்னமோ பனமட்டையாட்டம் வறண்டு கெடக்குது, பாரேன்.

நங்கைக்கு எங்கிருந்துதான் ஒட்டுச்சோ, பாவம். தெனமும் மார்க்கெட்டுக்குப் போறவ. அங்க நூறு பேரு தும்முவாங்க. நான் ஒண்ணும் கேட்டுக்கல.

சரவணம்பட்டி தாண்டிருச்சா? இப்ப வந்துரும். நீ எங்க எறங்கறது? ஆஸ்பத்திரி ஸ்டாப்பா! அட, இத்தனை நேரம் சொல்லவே இல்லியே. யாருக்கு? அம்மாவுக்கா? சக்கரையா? கால் வெரல எடுத்துட்டாங்களா? அய்யோ சாமி, இந்தச் சின்ன வயசுல உனக்கு எத்தனை வெசனம். பாக்க ஆளு இருக்குதா? அண்ணன் தம்பி? யாருமில்லியா? அம்மா ஒத்தையாவா கெடக்கறாங்க, கதவப் பாத்துக்கிட்டு?

எந்திரி எந்திரி, ஸ்டாப்பு வந்துருச்சு. இந்தத் தூக்குப்போசியச் சித்தப் புடி, நான் எறங்கிக்கறேன். ஆங், குடு. இங்க பாரு கண்ணு, அண்ணனுக்குச் சோத்தக் குடுத்துட்டு நேரா வந்தர்றேன். பக்கத்துல உக்காந்து நாலு வார்த்தை பேசினா அவுங்களுக்கும் தெம்பா இருக்கும். எந்த வார்டுன்னு மட்டும் சொல்லு.

ஏங்கண்ணு, அதென்ன ஓட்டம்? மெதுவாப் போ. கண்ணு! வார்டு நம்பரு சொல்லிட்டுப் போ! அட, அந்தப் பக்கம் எதுக்குப் போற? அது பல்லாஸ்பத்திரி!